சட்டைக்கு ஒரு மரம்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஆறு பேரிடமும் முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நம் கம்பெனியின் மரப் பிரிவைப் பல ஆண்டுகள் பார்த்துக்கொண்ட நான், சொந்த வீட்டில் வளர்த்த ஒரே செடி மணி பிளாண்ட். அதுவும் பாட்டில் தண்ணீரில். தண்ணீர் மாற்றியது மனைவி. ஐம்பத்து நான்கு வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு மும்பை செம்பூர் வீட்டில் உட்கார்ந்திருப்பவனிடம் அனுபவத்தை எழுதித் தரச் சொல்லியிருக்கிறீர்கள். வெற்றிகள் எல்லாம் ஆண்டறிக்கையில் வழவழப்பான தாளில் படத்தோடு இருக்கின்றன, அங்கே பார்த்துக்கொள்ளுங்கள். நான் பயந்த கதை ஒன்றைச் சொல்கிறேன். அதில்தான் எனக்கு நல்ல பயிற்சி.

பருத்தி விளைவதில் தொடங்கி, சாயம் போட்டு, தைத்து, கப்பலில் ஏற்றும் வரை நம் சட்டை ஒவ்வொரு கட்டத்திலும் புகை விடுகிறது. அந்தப் புகைக்கு ஈடாக நாமே ஒரு காடு வளர்ப்போம் என்று டைரக்டர் ஒரு மீட்டிங்கில் அறிவித்தார். நான் அப்போது துணி வாங்கும் பிரிவில் இருந்தேன். பேசாமல் பிஸ்கட் தின்றுகொண்டு இருந்திருக்கலாம். "மரம் வளர்ற வரைக்கும் கஸ்டமர் சட்டை போடாம காத்திருப்பாரா சார்?" என்று கேட்டுவைத்தேன். எல்லோரும் சிரித்தார்கள். டைரக்டரும் சிரித்தார். மறுநாள் காலை என் மேஜையில் மாற்றல் கடிதம் இருந்தது. மரப் பிரிவு என்று ஒன்று தொடங்கியிருந்தது, அதில் நான் மட்டும் இருந்தேன்.

கர்ஜத்துக்கு அப்பால் ஒரு மொட்டைக் குன்று கிடைத்தது. கன்று நட்டுப் பராமரிக்க ஓர் ஒப்பந்தக்காரரைப் பிடித்தோம். முதல் ஆண்டுக் கன்றுகளுக்கு நீல டேக், இரண்டாம் ஆண்டுக்கு மஞ்சள், மூன்றாம் ஆண்டுக்குப் பச்சை. மழை தொடங்கியதும் நடுவார்கள். டேக் தெரியும்படி ஒவ்வொரு கன்றையும் படம் எடுத்து எனக்கு அனுப்புவார்கள். நான் செம்பூர் ஆபீசில் ஏ.சி.க்குக் கீழே உட்கார்ந்து டிக் அடிப்பேன். வருடத்துக்கு ஒரு முறை நேரில் ஆய்வு. அது ஜூலையில். ஏன் ஜூலை என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஜூலையில் அந்தப் பக்கத்து மலையில் செருப்பைக் கழற்றி வைத்தால் அதுவும் துளிர்க்கும். நான் குடை பிடித்துக்கொண்டு அடிவாரத்தில் நிற்பேன், எதிரே எல்லாம் பச்சை. ஒரு போட்டோ, ஒரு வடாபாவ், ஒரு கையெழுத்து. மூன்று ஆண்டில் பன்னிரண்டாயிரம் மரம் என்று ஆனது.

அந்தத் தைரியத்தில்தான் லேபிள் வந்தது. வெளிநாட்டு பையர் ஒருவர் பன்னிரண்டாயிரம் சட்டைக்கு ஆர்டர் கொடுத்தார். ஒவ்வொரு சட்டையின் பக்கத் தையலிலும் ஒரு சின்ன லேபிள் வைக்க வேண்டும். 'இந்தச் சட்டைக்கு ஒரு மரம் வளர்கிறது' என்று அதில் எழுதியிருக்கும். சரக்கு கப்பல் ஏறுவதற்கு முன்னால் அத்தனை மரமும் உயிரோடு இருப்பதாக நான் கையெழுத்திட்ட சான்று அவருக்குப் போக வேண்டும்.

சட்டைகளைத் தைத்தது தாராவியில் ஒரு யூனிட். நாற்பது பெண்கள். பெரும்பாலும் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பங்கள், சிலர் மாட்டுங்கா லேபர் கேம்ப்பிலிருந்து வருபவர்கள். அந்தப் பருவத்தில் அவர்களுக்கு வேறு ஆர்டர் கிடையாது. இது ஒன்றுதான். அங்கே செக்கிங் டேபிளில் இருந்தவரை எல்லோரும் செக்கிங் அக்கா என்பார்கள். அவர் பெயரை நான் கடைசிவரை தெரிந்துகொள்ளவில்லை என்பது எனக்குப் பெருமை தரும் விஷயம் அல்ல. ஒவ்வொரு சட்டையையும் விரித்து, திருப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். குறை இருக்கும் இடத்தில் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டுவார். அம்பு ஒட்டிய பீஸ் தைத்தவரிடமே திரும்பிப் போகும். வாதாடியவர் யாரும் ஜெயித்ததில்லை.

ஒரு நாள் நான் லேபிள் கட்டுகளை இறக்கிவைக்கப் போயிருந்தேன்.

"சார், மரம் மரம்னு நாள் பூரா தச்சு அனுப்புதோம். ஒண்ணையாவது கண்ணால காட்டப்பிடாதா?" என்றார் அக்கா.

"காட்டிட்டா போச்சு. எப்ப வரீங்க?"

"மே மாசம்தான். பிள்ளையளுக்கு லீவு. ஒரு ஞாயித்துக்கெழம பஸ்ஸ வச்சுக் கூட்டிட்டுப் போங்க. இவளுவ எல்லாம் கேக்காளுவ."

"முழுக் காட்டையும் சுத்திக் காட்டறேன் அக்கா. நிழல்ல உக்காந்து சாப்பிடலாம்."

நிழல் என்ற சொல்லை நான் ஏன் சேர்த்தேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அவர் கேட்கவே இல்லை.

மே மாதத்தில் அந்தக் குன்றை நான் பார்த்ததே கிடையாது. அது என் மண்டையில் உறைக்கவும் இல்லை. சொன்ன ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் தாராவி தொண்ணூறு அடி ரோட்டில் பெண்களையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு வந்தது. செம்பூரில் நான் தொப்பியோடு ஏறினேன். வழி நெடுக மைக் இல்லாமலேயே சொற்பொழிவு ஆற்றினேன். ஒரு மரம் எவ்வளவு காற்றைச் சுத்தம் செய்கிறது, பறவைகள் எங்கிருந்தெல்லாம் வருகின்றன என்று. பறவைகள் நானாகச் சேர்த்தது.

பஸ் நின்றது. இறங்கினோம். குன்று முழுவதும் காய்ந்த புல்லின் நிறம். அடிவாரத்தில் ஊர்க்காரர்களின் பழைய மாமரம் ஒன்று நின்றது. கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருந்த ஒரே நிழல் அது, அதுவும் நாங்கள் நட்டது அல்ல. மேலே வரிசை வரிசையாகக் குழிகள். குழிக்கு ஒரு குச்சி.

லேபர் கேம்ப்பிலிருந்து வரும் பெண் ஒருத்தி கைக்குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு கேட்டாள். "காடு இன்னும் எத்தன தூரம் சார்?"

"நாம நிக்கறதுதாம்மா காடு."

"அரே," என்றாள் அவள். திட்டியிருந்தால் தேவலை.

நெருக்கடியில் மூளை வேலை செய்யாது என்பார்கள். என் அனுபவம் வேறு. மூளை வேகமாகத்தான் வேலை செய்யும், ஆனால் நம்மைக் காப்பாற்ற மட்டுமே செய்யும். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, இவை கோடையில் இலை உதிர்க்கும் ஜாதி மரங்கள் என்றும், இப்போது உறக்கத்தில் இருக்கின்றன என்றும், மழை விழுந்ததும் எழுந்துவிடும் என்றும் விளக்கினேன். இதில் பாதி உண்மை. அந்தப் பக்கத்து மரங்களில் பல நிஜமாகவே மே மாதத்தில் மொட்டையாக நிற்கும். பாதி உண்மை கையில் கிடைத்தால் பயந்தவன் அதைப் பிடித்துக்கொண்டு எத்தனை தூரம் ஓடுவான் என்பதை நீங்கள் அன்று என்னைப் பார்த்துத் தெரிந்துகொண்டிருக்கலாம்.

அக்கா முழுவதையும் கேட்டார். பிறகு, "உறங்குதா, செத்துட்டுதான்னு பாத்துருவோம்," என்றார்.

"எப்படிப் பாப்பீங்க?"

"முருங்கக் கொம்ப நட்டா எப்படிப் பாப்போம்? நெகத்தால ஒரு கீறு. உள்ள பச்ச இருந்தா உசிரு இருக்கு. இல்லன்னா விறகு."

முதல் குச்சியைக் கீறினார். பழுப்பு. அடுத்தது பழுப்பு. மூன்றாவதைக் கீறுவதற்காகப் பிடித்தபோதே அது ஊதுபத்தி மாதிரி கையோடு வந்துவிட்டது. அவர் திரும்பிப் பெண்களைப் பார்த்தார்.

"ஏட்டி, ஆளுக்கு ஒரு வரிச எடுங்க. பிள்ளையள மாமரத்தடியில உக்கார வைங்க. ஸ்டிக்கர் யாரு யாரு வச்சிருக்கிய?"

முறை வைத்து அக்காவுக்குச் செக்கிங்கில் கைகொடுப்பவர்கள் என்பதால், பாதிப் பேரின் கைப்பையில் ஸ்டிக்கர் சுருள் இருந்தது. முந்தின நாள் வேலை முடிந்து அப்படியே கிடந்த பைகள்.

"எக்கா, எல்லாத்துலயும் ஒட்டணுமா?" என்று ஒருத்தி மேலிருந்து கேட்டாள்.

அக்கா குன்றை ஒருமுறை கீழிருந்து மேல்வரை பார்த்தார். "வேண்டாம். நல்லதுல ஒட்டுங்க. கெட்டதுல ஒட்டுனா சுருள் காணாது."

தன் முப்பது ஆண்டு வேலையில் அம்பு நல்ல பீஸில் ஒட்டப்பட்டது அன்று ஒரு நாள்தான் என்று பின்னால் சொன்னார்.

நாற்பது பெண்கள் வெயிலில் வரிசை வரிசையாகக் குனிந்து போனார்கள். கீறுவது, பார்ப்பது, நகர்வது. எப்போதாவது யாராவது ஒருத்தி ஸ்டிக்கரைக் கிழிக்கும் சத்தம். நான் பின்னாலேயே நடந்தேன், அந்தச் சத்தத்துக்காகக் காது கொடுத்துக்கொண்டு. வெகு நேரம் கழித்து அக்கா ஒரு குழியின் ஓரத்தில் உட்கார்ந்து மண்ணைக் கிளறினார். "சார், இங்க வாங்க," என்றார். அவர் உள்ளங்கையில் மூன்று டேக் இருந்தன. நீலம், மஞ்சள், பச்சை.

"ஒரு பீஸுக்கு மூணு டேக் போட்டிருக்கு," என்றார்.

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. முதல் ஆண்டு நட்டது கோடையில் செத்தது. அடுத்த மழையில் அதே குழியில் இன்னொன்று. அதுவும் செத்தது. மூன்றாவது மழையில் இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் புது நிற டேக், புதுப் படம். படத்தின் மூலையில் இடத்தைக் காட்டும் எண்களும் இருந்தன, மூன்று ஆண்டும் அதே எண்கள். ஒப்பந்தக்காரர் எதையும் மறைக்கவே இல்லை. நான்தான் நிறத்தைப் பார்த்து டிக் அடித்திருக்கிறேன். நாலாயிரம் குழியில் பன்னிரண்டாயிரம் மரம் வளர்த்தவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மதியம் மாமரத்தடியில் எலுமிச்சைச் சோறு பிரிக்கும்போது கணக்குச் சொன்னார்கள். ஓடைப் பக்கத்துச் சரிவில் கொஞ்சம் பிழைத்திருந்தது. மொத்தம் அறுநூற்றுப் பன்னிரண்டு.

நான் தள்ளிப் போய் ஒப்பந்தக்காரருக்குப் போன் போட்டேன். "டென்ஷன் மத் லோ சாப்," என்றார் அவர், தூங்கி எழுந்த குரலில். கவலைப்பட வேண்டாமாம், ஜூனில் மறுபடி நட்டுவிடுவாராம். ஜூலையில் நான் வரும்போது எல்லாம் பச்சையாக இருக்குமாம். அவர் என்னை எவ்வளவு நன்றாகப் புரிந்துவைத்திருந்தார் என்று நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

திரும்பும் பஸ்ஸில் அக்கா என் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தார்.

"நாளைக்கு லேபிள் தைக்கவா, வேண்டாமா?"

"ஆபீஸ்ல கேட்டுச் சொல்றேன் அக்கா."

"ஆபீஸ் அங்க வரலையே சார். நீங்கதானே வந்திய."

வாஷி பாலம் தாண்டும்வரை நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை சான்று போக வேண்டும். வெள்ளிக்கிழமை சரக்கு. திங்கள் காலை நான் யோசித்தவற்றை ஒளிக்காமல் சொல்கிறேன். ஒன்று, காய்ச்சல் என்று லீவு போடுவது. இரண்டு, சான்றில் 'நடப்பட்டவை' என்று எழுதுவது, 'வளர்பவை' என்ற சொல்லைத் தவிர்த்துவிடுவது. மூன்று, கையெழுத்துப் போட்டுவிட்டு ஜூனில் நானே போய் நின்று ஒழுங்காக நடவைப்பது. மூன்றாவதுதான் ரொம்ப ஆபத்தானது, ஏனென்றால் அது நேர்மை மாதிரியே தெரிந்தது. யாருக்கும் நஷ்டம் இல்லை, பெண்களின் வேலை போகாது, மரமும் வந்துவிடும். அந்தப் பெண்களுக்காகத்தான் இதைச் செய்கிறேன் என்று நானே உருகிப்போனேன். அதைச் சொல்லத்தான் தாராவிக்கு ஆட்டோ பிடித்தேன்.

யூனிட்டில் லேபிள் தைக்கும் மெஷின் மட்டும் உறை போட்டு மூடியிருந்தது.

"நிறுத்திட்டேன் சார்," என்றார் அக்கா.

"அக்கா, வெள்ளிக்கிழம சரக்கு போகலைன்னா ஆர்டர் போயிடும். உங்களுக்குத்தானே கஷ்டம்?"

"ஆமா. எங்களுக்குத்தான்."

"ஒரு ரெண்டு மாசம். மழை வந்ததும் நான் சரி பண்ணிடறேன்."

அவர் கையில் இருந்த சட்டையை மடித்து வைத்தார். "கை கோணலா வச்ச சட்டைய அனுப்பிட்டு, ரெண்டு மாசத்துல கையச் சரி பண்ணித் தாரேம்னு சொல்ல முடியுமா? நீங்க எழுதிக் குடுங்க, தைக்கச் சொல்லுதேன். மரம் இருக்குன்னு எழுதி, கீழ உங்க கையெழுத்தப் போட்டுக் குடுங்க. இங்க செவத்துல ஒட்டி வச்சுக்கிடுதோம்."

நாற்பது பேரும் மெஷினை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். நேற்று அந்தக் குன்றைப் பார்த்த அதே நாற்பது பேர். பையருக்குக் கடல் தாண்டி ஒரு தாளை அனுப்புவது சுலபமாகத் தெரிந்தது. அந்தச் சுவரில் ஒட்ட ஒரு தாள் எழுத என்னால் முடியவில்லை. எனக்கு மனசாட்சி விழித்துக்கொண்டது என்று தயவுசெய்து எழுதிவிடாதீர்கள். பயம் இடம் மாறியது, அவ்வளவுதான். ஆபீசைவிட அந்த அறை எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

அங்கிருந்து நேராக டைரக்டர் அறைக்குப் போனேன். அவர் ஹிந்தியில் பேசியதைத் தமிழில் தருகிறேன், திட்டுகளை மட்டும் விட்டுவிடுகிறேன். ஆகவே இந்தப் பகுதி சிறியது.

"எத்தனை உயிரோடு இருக்கிறது?" என்றார்.

"அறுநூற்றுப் பன்னிரண்டு சார்."

"யார் எண்ணியது?"

"நம் செக்கிங்."

அவர் பேனாவை மேஜையில் வைத்தார். துணிக்காரர் அவர், இருபது வயதில் கடையில் துணி விரித்தவர். செக்கிங் எண்ணியது என்றால் அதற்கு மேல் கேள்வி கிடையாது. என் படங்களை எடுத்துப் பார்க்கவும் இல்லை. பையருக்கு அவரே போன் போட்டார். நான் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, செம்பூரில் ஜெராக்ஸ் கடை வைத்தால் ஓடுமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பையர் இரண்டே விஷயம் சொன்னார். லேபிளை எல்லாச் சட்டையிலிருந்தும் எடுத்துவிடுங்கள். சரக்கு ஒரு வாரம் தாமதமானால் பரவாயில்லை. அறுநூற்றுப் பன்னிரண்டு சட்டைக்கு மட்டும் லேபிளை விட்டுவைக்கலாமா என்று நான் கிளம்பும்போது அக்கா கேட்டனுப்பியதைச் சொன்னோம். அதுவும் வேண்டாம் என்றார்.

ஏற்கெனவே பாதிக்கு மேல் தைத்தாகியிருந்தது. தையலைப் பிரிக்க ஐந்து நாள் ஆனது. நானும் போய் உட்கார்ந்தேன். என் முதல் மூன்று சட்டையிலும் லேபிளோடு சேர்ந்து கொஞ்சம் துணியும் வந்தது. நான்காவதை அக்கா என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, டீ வாங்கிவரச் சொன்னார். அந்த ஐந்து நாளும் என் வேலை அதுதான். அதைப் பிழையில்லாமல் செய்தேன்.

முடிவு நல்லபடியாக அமைந்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அடுத்த பருவத்துக்கு அந்த பையர் ஆர்டர் தரவில்லை. யூனிட் பள்ளிச் சீருடை தைத்து ஒப்பேற்றியது. நான்கு பெண்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். லேபர் கேம்ப்பிலிருந்து வந்த அந்தக் கைக்குழந்தைக்காரியும் அதில் ஒருத்தி. அவர்கள் போனதற்குக் காரணம் அக்கா அல்ல, மூன்று ஜூலையாகக் குடை பிடித்து நின்ற நான். அதற்கடுத்த பருவத்தில் பையர் பாதி ஆர்டரோடு திரும்பி வந்தார், லேபிள் இல்லாமல். ஏன் வந்தார் என்று நான் கேட்கவில்லை.

மரப் பிரிவிலிருந்து என்னைத் தூக்கவில்லை. அதைவிடப் பெரிய தண்டனையாக, அங்கேயே வைத்தார்கள். புது ஒப்பந்தக்காரர் வந்தார். குன்றைச் சுற்றி ஆடு மாடு புகாமல் வேலி போட்டோம். மார்ச் முதல் ஜூன் வரை தண்ணீர் சுமந்து ஊற்ற அந்த ஊர்க்காரர்களையே வைத்தோம். நடும் கன்றுகளை ஆண்டுக்கு முன்னூறாகக் குறைத்தோம். ஆய்வு இனிமேல் மே மாதத்தில் மட்டும், ஆய்வு செய்வது தாராவி செக்கிங் டேபிள் என்று டைரக்டர் ஒரே வரியில் உத்தரவு போட்டார். உங்கள் கையேட்டில் அது மூன்று பக்கமாக வளர்ந்திருப்பதைப் பார்த்தேன். மரத்தைவிட வேகம்.

அடுத்த மே மாதம் அக்கா ஆறு பெண்களோடு வந்தார். நானும் கூட ஏறப் போனேன். எந்த வரிசையில் தண்ணீர் அதிகம் ஊற்றியிருக்கிறோம் என்று காட்டலாமே என்று எனக்கு ஓர் ஆர்வம்.

"நீங்க கீழயே நில்லுங்க சார்," என்றார்.

"வழி காட்டத்தான் அக்கா."

"தச்சவனே செக்கிங்கும் பாத்தா எங்க டேபிள் எதுக்கு? போயி நெழல்ல உக்காருங்க."

மாமரத்தடியில் உட்கார்ந்தேன். அவர்கள் மேலே சின்னச் சின்னதாகத் தெரிந்தார்கள். குனிவதும் நிமிர்வதும் தெரிந்தது, முகம் தெரியவில்லை. தேர்வு முடிவுக்கு நின்ற வயதிலும் எனக்கு அப்படி வேர்த்ததில்லை. மூன்று மணி நேரம் கழித்து இறங்கி வந்தார்கள். அக்கா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு தண்ணீர் குடித்தார். பிறகு சொன்னார்.

"எழுநூத்தி நாப்பத்தாறு. போன வருசம் பாஸானதுல நாப்பது போச்சு. நூத்தி எழுவத்தி நாலு புதுசு."

நான் பேனாவைத் திறந்தேன். பழக்கம் எங்கே போகும். "எழுநூத்தி அம்பதுன்னு எழுதிக்கட்டுமா அக்கா, பாக்கறதுக்கு நல்லா இருக்கும்."

அக்கா பஸ்ஸில் ஏறப் போனவர் படியிலேயே நின்றார்.

"எழுதிக்கிடுங்க. நாலு மரத்த மட்டும் இப்பப் போயி வளத்துட்டு வந்துருங்க சார். டிரைவர்ட்ட பஸ்ஸ நிறுத்தி வைக்கச் சொல்லுதேன்."

எழுநூற்று நாற்பத்தாறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.